தலைப்பொங்கல் கொல்லை

என் வீட்டுக்காரர் தசரதன் வேலை பார்த்த ஆணி கம்பெனியை ஆனி மாசம் இழுத்துப் பூட்டினார்கள். பூந்தமல்லிப் பக்கம் இருந்தது அந்தக் கம்பெனி. மீசை முளைப்பதற்கு முன்னே உள்ளே போனவர், தலை நரைத்த பிறகு வெளியே வந்து நின்றார். முதலாளி திறப்பார், சங்கம் பேசுகிறது, அடுத்த மாசம் கட்டாயம் திறப்பார் என்று சொல்லிச் சொல்லியே ஆடியும் கழிந்தது. ஆவணியில் எங்கள் மகள் செங்கமலத்துக்குக் கல்யாணம். கம்பெனி மூடுவதற்கு முன்பே பேசி முடித்தது, அதைத் தள்ளிப்போட முடியுமா? இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டு தண்டலத்தில் கட்டிக்கொடுத்தோம். தலை தீபாவளி செலவைத் தான் பார்த்துக்கொள்வதாக என் அண்ணன் சொல்லிவிட்டார், அவர் நல்லா இருக்கட்டும். மிச்சம் நின்றது தலைப்பொங்கல் சீர். அதற்கும் அண்ணனிடமே போய் நிற்க நான் என்ன மானங்கெட்டவளா?

கட்டிக்கொடுத்த முதல் பொங்கலுக்குப் பெண் வீட்டிலிருந்து அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, காய்கறி எல்லாம் போகவேண்டும். அதிலும் காய்கறி கூடை நிறையப் போகவேண்டும். அந்தத் தெருப் பெண்கள் வரிசையாக வந்து கூடைக்குள் எட்டிப் பார்ப்பார்கள். குறைந்தால் எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். பேச்செல்லாம் என் பெண்ணுக்குத்தான். குழாயடியில் ஒன்று, கோயில் வாசலில் ஒன்று என்று வருஷம் முழுக்கக் குத்திக்கொண்டே இருப்பார்கள். இதில் சம்பந்தியம்மா ராஜாமணி வேறு. பேச்சு குறைவு, பார்வை ஜாஸ்தி. கல்யாணத்தில் நாங்கள் வைத்த பித்தளைப் பாத்திரம் ஒவ்வொன்றையும் விரலால் தட்டிச் சத்தம் கேட்டுப் பார்த்த பொம்பளை. அவளுக்கு முன்னால் என் பெண் தலை குனிந்து நிற்கக்கூடாது. அந்த ஒரு நினைப்புத்தான் எனக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம்.

அரிசிக்கும் வெல்லத்துக்கும் எப்படியோ வழி பண்ணிவிடலாம். காய்கறியைக் கூடைக் கணக்கில் வாங்க வழியில்லை. அப்போதுதான் எங்கள் வீட்டுப் பின்கொல்லை ஞாபகத்துக்கு வந்தது. என் மாமியார் போன பிறகு அதில் யாரும் கால் வைக்கவில்லை. வேலிக்காத்தான் முள் மண்டி, எருக்கும் ஊமத்தையும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, கோழி உள்ளே போனால் அதோடு விட்டுவிட வேண்டியதுதான். வடக்குப்பட்டில் எங்கள் தெருவில் குப்பை கொட்ட இடம் தேடுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள்.

வீட்டுக்காரர் என்ன செய்துகொண்டிருந்தார் என்றால், தினமும் காலையில் கம்பெனி காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் பிடித்து சுங்குவார்சத்திரம் போய், யாக்கோபு டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார். அவரைப் போலவே வேலை போன நாலு பேர் அங்கே உட்கார்ந்து, இல்லாத கம்பெனிக்கு ஷிப்ட் பிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் நேரே அங்கே போனேன்.

"இன்னாய்யா, டீ ஆறிப்போச்சா? எழுந்து வா."

"இன்னாத்துக்கு?"

"கொல்லைய வெட்டணும்."

"எந்தக் கொல்லைய?"

"நமக்கு இன்னா பத்து கொல்லையா கீது? தை பொறக்கறதுக்குள்ள சீருக்குக் காய் வோணும். நீ வரியா, இல்ல நான் போய் ஒண்டியா வெட்டட்டா?"

பெஞ்சியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யாக்கோபு மட்டும் சிரிக்கவில்லை. "வேலிக்காத்தான வெட்டுனா வெறவ எங்கிட்ட போடு தசரதா. அடுப்புக்கு வோணும்" என்றார். என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். அந்த மனுஷனிடம் அது ஒரு நல்ல குணம். கிளப்புவதுதான் கஷ்டம், கிளம்பிவிட்டால் நிற்கமாட்டார்.

அடுத்த தெருவில் இருக்கும் அவருடைய அக்கா முனியம்மாள், கூப்பிடாமலே கத்தியும் களைக்கொட்டுமாக வந்து நின்றாள். எனக்கும் நாத்தனாருக்கும் ஆகாது என்று ஊருக்கே தெரியும். ஆனால் வேலை என்று வந்தால் அவளைப் போல ஒருத்தி கிடையாது. ஒரகடம் கூட்டு ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் என் மகன் சுப்பிரமணியும் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தான். முள்ளை வெட்டி, தடித்த கட்டையை எல்லாம் யாக்கோபுக்கு வண்டியில் ஏற்றினோம். அந்தப் பணம் விதைக்கும் கத்தரி நாற்றுக்கும் சரியாகப் போனது. மெல்லிய முள்ளைக் கொல்லையைச் சுற்றி வேலியாகப் போட்டோம். யாக்கோபு கடையில் வடிகட்டிக் கொட்டுகிற டீத்தூள் சக்கையை என் வீட்டுக்காரர் தினமும் வாளியில் கொண்டுவந்து எருக்குழியில் போட்டார். அந்தச் சாக்கில் டீக்கடைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தார், அதை நான் கண்டும் காணாத மாதிரி விட்டுவிட்டேன். ஏரி வண்டல் ஊரில் எல்லாருக்கும் இலவசம். பக்கத்து வீட்டு மாட்டுச் சாணத்துக்கு நான் அவர்கள் தொழுவத்தைப் பெருக்கிக் கொடுத்தேன்.

முள்ளை வெட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்தோம். அதற்குப் பிறகுதான் கோரை வந்தது. மண்வெட்டியால் சீவி எறிந்துவிட்டு அக்கடா என்று உட்கார்ந்தால், ஒரு தூறல் விழுந்ததும் முன்னைவிட அடர்த்தியாக முளைத்து நிற்கிறது. முனியம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"கெழங்க எடுக்காம தலைய செரச்சுகினு கீறீங்க. கோரைக்கு நீங்க இன்னா அம்பட்டனா?"

"கெழங்கு எங்க கீதுன்னு எப்டி அண்ணி கண்டுபுடிக்கறது? எல்லாம் மணி மணியா மண்ணோட மண்ணா கீது" என்றேன்.

வீட்டுக்காரர் பரண் மேலே ஏறி, கம்பெனியில் கழித்துப் போட்டதென்று எப்போதோ தூக்கிவந்த இரும்புச் சல்லடையை இறக்கினார். ஆணி சலிக்கிற சல்லடை. நல்ல ஆணியையும் கோணல் ஆணியையும் சலித்துப் பிரிப்பதுதான் அவருக்கு அங்கே வேலை. மண்ணை வெட்டி அதில் போட்டு இரண்டு கையாலும் ஆட்டினார். மண் கீழே விழுந்தது, கோரைக் கிழங்கெல்லாம் மேலே நின்றது. அப்படியே கொல்லை முழுக்கச் சலித்தார். நம்புங்கள், ஒரு பிடி மண்ணையும் விடவில்லை. தெருவில் போகிறவர்கள் வேலி மேலே எட்டிப் பார்த்து, "இன்னா தசரதா, மாவு சலிக்கறியா? பண்டம் எப்போ?" என்று கேலி பண்ணினார்கள். எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல்தான். புரட்டாசி பிறந்துவிட்டது, விதை போடவேண்டும், இவர் சலித்துக்கொண்டே இருக்கிறாரே என்று கத்தினேன். ஆனால் அந்த மண்ணில் அதற்குப் பிறகு கோரை தலை காட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பரங்கி, அவரை, மொச்சை போட்டோம். கத்தரி நட்டோம், மேட்டில் சர்க்கரைவள்ளிக் கொடி ஊன்றினோம். கம்பெனியைத் தவிர வேறெதுவும் தெரியாத மனுஷனுக்கு முனியம்மாள் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். செருப்போடு பாத்திக்குள் போகாதே. விளக்கு வைத்த பிறகு செடியைத் தொடாதே. பரங்கி முதல் பிஞ்சு விட்டபோது அவர் சந்தோஷத்தில் ஆள்காட்டி விரலை நீட்டி, "தோ பாருக்கா" என்றார். அவள் பட்டென்று அந்தக் கையில் ஒன்று வைத்தாள்.

"பிஞ்சப் பாத்து வெரல நீட்டுனா அழுகிப் பூடும்டா. வெரல மடக்கிகினு காட்டு."

அன்றிலிருந்து எதைக் காட்டினாலும் முஷ்டியைத்தான் நீட்டுவார். கடைத்தெருவில் பஸ்ஸைக் காட்டுவதற்குக்கூட முஷ்டி. பார்க்கிறவர்கள் குத்த வருகிறார் என்று ஒதுங்கினார்கள்.

ஐப்பசி மழை அந்த வருஷம் ஆட்டம் போட்டது. கொல்லையில் கணுக்கால் தண்ணீர். பரங்கிப் பிஞ்சு ஒன்றன் பின் ஒன்றாக மெத்தென்று அழுகி விழுந்தது. நான் ஈரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பரங்கி இல்லாமல் பொங்கல் சீரா? கூடையைத் திறந்ததும் முதலில் கண்ணில் படவேண்டியதே அதுதானே. ராஜாமணி எட்டிப் பார்ப்பதும், என் பெண் முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்பதும் என் கண் முன்னாலேயே வந்துவிட்டது. வீட்டுக்காரர் தெருத்தெருவாகப் போய் உடைந்த பானை ஓடு பொறுக்கி வந்தார். தப்பிய பிஞ்சு ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு ஓடு வைத்து, அதன்மேல் வைக்கோல் பரப்பி உட்காரவைத்தார். குழந்தைக்குத் தூளி கட்டினாற்போல இருந்தது. "அழுவாத பாஞ்சாலி, கீறத காப்பாத்திடலாம்" என்றார். காப்பாற்றியும் விட்டார். ஐந்தாறு தேறியது, ஒவ்வொன்றும் இடுப்பில் வைத்துத் தூக்குகிற அளவு.

இதற்கு நடுவில் அவர் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தார். முள் வெட்டிய நாளில், மூலையில் ஒரு மிதிபாகல் கொடி தானாக ஏறிக் கிடந்தது. விரல் நுனி அளவுக்குக் குட்டிக் குட்டியாகக் காய்க்குமே, அந்தப் பாகல். நான் அருவாளை ஓங்கினேன், அவர் குறுக்கே வந்து நின்றார்.

"இது இருக்கட்டும்."

"இத்த வெச்சிகினு இன்னா பண்ணப்போற? எடத்த அடைச்சிகினு."

"நீ உன் வேலையப் பாரு."

சுப்பிரமணியிடம் பழைய சைக்கிள் ரிம் கேட்டு வாங்கி அதற்குப் பந்தல் போட்டார். காலையில் எழுந்ததும் முதல் குடம் தண்ணீர் அதற்குத்தான். மற்றதெல்லாம் நானும் முனியம்மாளும் சொல்லி அவர் செய்தது. இது ஒன்று அவரே பார்த்துக்கொண்டது. மார்கழியில் பந்தல் முழுக்கக் காய்த்துக் குலுங்கியது. வறுத்துப் போட்டேன், குழம்பு வைத்தேன், அவரும் பெருமையாகச் சாப்பிட்டார். அதற்கு மேல் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

போகிக்கு முதல் நாள் சீர் கிளம்பியது. விடிவதற்கு முன்பே எழுந்து கூடை கட்டினேன். அடியில் கிழங்கு, அதன்மேல் மொச்சை, அவரை, பளபளவென்று கத்தரி, எல்லாவற்றுக்கும் நடுவில் பரங்கி. அழகாக இருந்தது. நானே கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு சேலை மாற்ற உள்ளே போனேன். முனியம்மாள் முட்டி வலி என்று வரவில்லை. மஞ்சள் கொத்து மட்டும் தன் வீட்டிலிருந்து பிடுங்கி அனுப்பினாள். நானும் வீட்டுக்காரரும் சுப்பிரமணியும் பஸ் மேலே கூடைகளை ஏற்றிக்கொண்டு தண்டலம் போய்ச் சேர்ந்தோம்.

நினைத்தபடியே தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தை காந்திமதி என்று ஒருத்தி, எல்லா விசேஷத்துக்கும் குறை கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவள், முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள். செங்கமலம் சமையலறை வாசலில் நின்றாள். கன்னம் கொஞ்சம் சதை பிடித்திருந்தது, எனக்கு நிம்மதியாக இருந்தது. ராஜாமணி கூடையின் மேல் போட்டிருந்த துணியை எடுத்தாள்.

பரங்கிக்கு மேலே, என் வீட்டுக்காரரின் வெள்ளைத் துண்டில் ஒரு மூட்டை. நான் வைக்கவில்லை. ராஜாமணி முடிச்சை அவிழ்த்தாள். மிதிபாகல், பச்சைப் பசேல் என்று ஒரு படி இருக்கும்.

எனக்கு உயிரே போய்விட்டது. சீரில் யாராவது பாகற்காய் வைப்பார்களா? கசப்பைக் கொடுத்தால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கசப்பு வந்துவிடும் என்று பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்த ஆணி கம்பெனிக்காரருக்கு யார் சொன்னார்கள்? செருப்பைச் சொன்னோம், விரலைச் சொன்னோம். இதைச் சொல்லவேண்டும் என்று எனக்கும் முனியம்மாளுக்கும் தோன்றவே இல்லை.

"அடி ஆத்தி" என்றாள் காந்திமதி. "தலப்பொங்கலுக்குப் பாவக்காயா? எந்த ஊர்ல கீது இந்த மொற? பொண்ணு நல்லா வாயக்கூடாதுன்னு நெனச்சிகினு வெச்சாங்களா இன்னா?"

செங்கமலத்தின் முகம் வெளுத்துப்போனது. எதைத் தடுக்கவேண்டும் என்று நாலு மாசம் மண்ணில் புரண்டேனோ அது என் கண்ணெதிரே நடந்தது. கூடியிருந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அப்போது என் வீட்டுக்காரர், தான் என்ன தப்புச் செய்தோம் என்று இன்னும் விளங்காமலே, ஒரு அடி முன்னால் வந்தார்.

"நான் தான் வெச்சேன். அதெல்லாம் இவுங்க வெளய வெச்சது, நான் கூட நின்னேன் அவ்ளோதான். என் கையால வந்தது இது ஒண்ணு தான். எம்பொண்ணுக்கு சின்ன வயசுலேர்ந்து பாவக்கா வறுவல்னா உசுரு. அதான் கொண்டாந்தேன்" என்றார்.

ராஜாமணி அவரைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள். பிறகு மூட்டையைக் கூடையிலிருந்து எடுத்துத் தனியாகத் தரையில் வைத்தாள். இடுப்பிலிருந்த சுருக்குப்பையை இழுத்து, துழாவி, ஒரு நாலணாவை எடுத்தாள்.

"அண்ணே, கைய நீட்டுங்க."

அவர் நீட்டினார். நாலணாவை உள்ளங்கையில் வைத்தாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சீர் கொண்டுவந்தவன் கையில் காசா? நாங்கள் என்ன கூடைக்காரர்களா? வருவது வரட்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் காந்திமதி பக்கம் திரும்பிவிட்டாள்.

"அண்ணி, சீரு அந்தக் கூடையில கீறது. பரங்கி, அவர, மொச்ச, கத்திரி, கெழங்கு. பாத்துக்குங்க. இது நான் துட்டு குடுத்து வாங்கறது. வெலைக்கு வாங்குன காயில இன்னா கசப்பு வந்துறப்போவுது?"

காந்திமதி வெற்றிலையைத் தேடினாள். என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. பாத்திரத்தைத் தட்டிப் பார்த்த அந்தப் பொம்பளையை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புகை என்று சொல்ல அங்கே அடுப்புகூட எரியவில்லை.

விஷயம் அதோடு முடிந்ததா? இல்லை. என் வீட்டுக்காரர் கையில் இருந்த காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லதையும் கோணலையும் பிரித்தே பழகிய மனுஷன்.

"சம்பந்தி, நாலணா ஜாஸ்தி" என்றார். "இவ்ளோ காய்க்கு அவ்ளோ வராது. எங்கிட்ட சில்லறையும் இல்ல."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். செங்கமலம் சிரித்தாள், நான் அவளைத்தான் பார்த்தேன். ராஜாமணி சிரிக்கவில்லை. அந்தப் பொம்பளை சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"சில்லறை வோணாம். பாக்கிக்குக் காய் கொண்டாங்க. வாரா வாரம் கொண்டாங்க. கொடியில காய் நிக்கற வரைக்கும் வெளிய வாங்க மாட்டேன்."

சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிச் செங்கமலத்திடம் கொடுத்தாள். "எடுத்து உள்ள வெய்யி. பொங்கலு போவட்டும், அப்பாலிக்கா வறு. எனக்கும் வறுவல் தான் புடிக்கும்."

பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குக் காரணமில்லாமல் போகக்கூடாது. நல்லது கெட்டது என்றால் போகலாம், இல்லாவிட்டால் ஊர் சிரிக்கும். பெண்ணைப் பார்க்கவேண்டும் என்று ஏங்கினாலும் வாயை மூடிக்கொண்டு வீட்டில் கிடக்கவேண்டும். நானும் ஆவணியிலிருந்து அப்படித்தான் கிடந்தேன். இப்போது இந்த மனுஷனுக்கு வாராவாரம் போக வழி கிடைத்துவிட்டது, அதுவும் சம்பந்தியே கூப்பிட்டு.

பந்தியில் உட்காரவைத்து, ராஜாமணியே பரிமாறினாள். கிளம்பும்போது செங்கமலம் பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாள். அப்பாவின் வெறும் துண்டைத் துவைத்துத் தருகிறேன் என்று பிடுங்கி வைத்துக்கொண்டாள். இப்போதே கொடுத்துவிடு என்று அவர் கேட்டபோது, "அடுத்த வாரம் நீ வருவ இல்ல, அப்போ தரேன்" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் அவர் நாலணாவைக் காக்கிச் சட்டைப் பையில் போட்டு, பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். வழியெல்லாம் திட்டித் தீர்க்கவேண்டும் என்று நான் அங்கே முதலில் நினைத்தது உண்மை. இப்போது திட்ட வரவில்லை.

"பாவக்காய சீர்ல வெக்கக்கூடாதாமே" என்றார் மெதுவாக. சுப்பிரமணி எப்போதோ காதில் ஓதியிருக்கிறான்.

"வெக்கக்கூடாது."

"எனுக்குத் தெரியாது பாஞ்சாலி."

"தெரியும்யா உனக்குத் தெரியாதுன்னு. வுடு."

ஸ்ரீபெரும்புதூர் தாண்டிய பிறகு திரும்பி, "அடுத்த வாரம் வெள்ளிக்கெழம போறேன். காய் பறிச்சிகினு நான் ஒண்டியா போய்ட்டு வந்துர்றேன். நீ வோணாம், உனக்கு எதுக்கு அலைச்சல்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். பஸ் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். சாணி அள்ளியது யார், விதை போட்டது யார், பெற்றது யார் என்று கேட்டேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானும் வருவேன்" என்றேன். "காய நான் தூக்கிகினு வரேன், துட்ட நீ வாங்கிக்க."